வைரஸ் போன பிறகு வந்த நோய்: ஒரு மூளை அழற்சியின் நிகழ்வு ஆய்வு

கீழே வரும் பெண் ஒரே ஆள் அல்ல. ஹெர்பிஸ் மூளை அழற்சி வந்து குணமாகி, சில வாரங்களில் தன்னுடல் தாக்கு மூளை அழற்சியில் (உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்குவது) மாட்டிக்கொண்டவர்களிடம் திரும்பத் திரும்பப் பதிவான போக்கை எடுத்து, ஒரே நோயாளியின் கதையாகத் தொகுத்திருக்கிறேன். ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் மட்டும் உள்ளது உள்ளபடி.

வைரஸால் தன்னுடல் தாக்கு நோய் வருமா என்பது பழைய கேள்வி. லூபஸிலோ முடக்குவாதத்திலோ தொற்று எப்போது வந்தது, நோய் எப்போது தொடங்கியது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடிவதில்லை. இந்த ஒரு நோயில் முடியும். அதனால்தான் இதை எடுத்தேன்.

முதல் நோய்

வயது 35. பள்ளி ஆசிரியை. இதற்கு முன் பெரிதாக எந்த நோயும் இல்லை. மூன்று நாள் காய்ச்சல், தலைவலி. நான்காம் நாள் காலை கணவரிடம், "எங்கயோ ரப்பர் கருகுற வாடை வருது, என்னன்னு பாருங்க" என்றிருக்கிறார். எதுவும் கருகவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே வாடை மறுபடி. மாலைக்குள் பேச்சில் கோளாறு தெரிந்தது. நாக்கு குழறவில்லை, சொற்கள்தான் அகப்படவில்லை. சாவி வேண்டுமென்றால் "அந்தத் திறக்கிறது" என்றார். இரவு வலிப்பு வந்தது.

இல்லாத வாடை அடிப்பதை வீட்டில் யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சலோடு சேர்ந்து வந்தால் அது பெரிய எச்சரிக்கை. காதுக்கு உட்புறமாக இருக்கும் டெம்போரல் மடலின் அடிப்பகுதி தூண்டப்பட்டால் இப்படி வாடை வரும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் மூளையில் முதலில் பிடிக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். உதட்டோரம் கொப்புளமாக வந்துபோகும் அதே முதல் வகை வைரஸ். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குள் இது குடியிருக்கிறது. மூளை அழற்சியாக மாறுவதோ ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 2 முதல் 4 பேருக்குத்தான். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்க நாட்களில் அப்படி இருப்பது சகஜம், அதைப் பார்த்து நிம்மதியடைய முடியாது. முதுகில் ஊசி வைத்து எடுத்த தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் 90, இயல்பைவிட அதிகம், பெரும்பாலும் லிம்போசைட்டுகள். புரதம் சற்றுக் கூடுதல், சர்க்கரை இயல்பு. எம்ஆர்ஐயில் இடது டெம்போரல் மடல் வீங்கி வெளுத்துத் தெரிந்தது. பிசிஆர் சோதனையில் ஹெர்பிஸ் முதல் வகை உறுதியானது. அந்த நீரில் கொஞ்சத்தை ஆய்வகத்தில் உறைய வைத்திருந்தார்கள்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் முதல் இரவே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு தரம், 21 நாள். இந்த மருந்துக்கு முன்பு ஹெர்பிஸ் மூளை அழற்சி வந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் இறந்தார்கள். 1980களின் நடுவில் வந்த இரண்டு சோதனைகளுக்குப் பிறகு அந்த விகிதம் 30-க்குக் கீழே இறங்கியது. பிழைத்தவர்களில் பலர் முழுதாகத் திரும்பவில்லை என்பது தனிக்கதை.

21ஆம் நாள் மறுபடி தண்டுவட நீர் எடுத்தார்கள். பிசிஆர் நெகட்டிவ். வலிப்பு மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். பொருள்களின் பெயர்கள் இன்னும் தடுக்கின. காலையில் நடந்தது மாலையில் நினைவில்லை. ஆனால் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தார், தன் குறையைப் பார்த்துத் தானே சிரிக்கும் அளவுக்கு.

ஆறாவது வாரம்

தூக்கம்தான் முதலில் கெட்டது. மூன்று இரவு கண் மூடவில்லை. பிறகு எரிச்சல், அழுகை, காரணமில்லாத பயம். ஒரு நாள் மகளைத் தனியே கூப்பிட்டு, "அப்பா மாதிரியே ஒருத்தர் வந்திருக்காரு, அவர்ட்ட பேசாதே" என்றார்.

வீட்டாருக்கு இது மன அதிர்ச்சியாகத் தெரிந்தது. அப்படி நினைத்ததில் குற்றமில்லை, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து நினைவு தடுமாறித் திரும்பியவருக்கு மனம் பாதிக்கப்படாதா? மனநல மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டு நாளில் உடல் விறைத்தது, பேச்சு நின்றது. மனநோய்க்கான சில மருந்துகள் இந்த வகை மூளை அழற்சி உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. சின்ன அளவிலேயே கைகால் விறைத்துப்போகும் நோயாளியிடம் மூளை அழற்சியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

அவசரப் பிரிவில் முதலில் எழுந்த சந்தேகம் எல்லோருக்கும் எழக்கூடியதே: ஹெர்பிஸ் திரும்பிவிட்டதா? அசைக்ளோவிர் மறுபடி தொடங்கியது. தவறில்லை. மறுபடி நீர் எடுத்துப் பார்க்காமல் யாரும் அப்படியில்லை என்று சொல்லிவிட முடியாது. பிசிஆர் நெகட்டிவாக வந்தது. வெள்ளணுக்கள் 18. எம்ஆர்ஐயில் பழைய புண் இருந்த இடம் சுருங்கியிருந்தது, புதிதாக எந்தத் திசுவும் அழியவில்லை. இஇஜியில் மூளை அலைகள் இரு பக்கமும் மந்தம்.

இங்கேதான் பல நோயாளிகள் தவறவிடப்பட்டார்கள். குழந்தைகளில் ஹெர்பிஸ் மூளை அழற்சிக்குச் சில வாரங்கள் கழித்துக் கைகால்கள் நெளியத் தொடங்கும் ஒரு நிலை மருத்துவர்களுக்கு நெடுநாளாகவே தெரியும். பிசிஆர் நெகட்டிவாக இருக்கும், அசைக்ளோவிருக்கு மசியாது. அதற்கும் பொதுவாக 'திரும்பி வந்த ஹெர்பிஸ்' என்றே பெயர் வைத்தார்கள். வைரஸ் இல்லாத இடத்தில் வைரஸைத் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

வேறொரு பெயர் கிடைப்பதற்கு 2007 வரை ஆனது. அந்த ஆண்டு ஜோசப் டால்மாவ் குழு, நரம்பணுக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்க உதவும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளால் வரும் மூளை அழற்சியை விவரித்தது. முதலில் கண்டறியப்பட்டவர்கள் 12 பெண்கள், பெரும்பாலோருக்குச் சூலகத்தில் டெரடோமா கட்டி. அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அதைக் கண்டு உடல் தயாரித்த ஆன்டிபாடி மூளைக்குள்ளும் வேலை செய்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2012-இல், ஜெர்மன் ஆய்வாளர்கள் ஹெர்பிஸ் மூளை அழற்சி வந்த 44 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். 13 பேரிடம் அதே ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

நம் நோயாளியின் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இல்லை. தண்டுவட நீரில் இருந்தது. ரத்தத்தை மட்டும் அனுப்பி, நெகட்டிவ் என்று கோப்பை மூடிவிடுகிறவர்கள் உண்டு. இந்த நோயில் ஏழு பேரில் ஒருவரிடமாவது ரத்தச் சோதனை ஏமாற்றிவிடும். சூலகத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள், கட்டி இல்லை.

பிறகு உறைய வைத்திருந்த முதல் நாள் நீரை எடுத்து அதே சோதனையைச் செய்தார்கள். ஆன்டிபாடி இல்லை.

இந்த ஆய்வின் உயிர்நாடி அந்த நெகட்டிவ்தான். வைரஸ் இருந்த நாளில் ஆன்டிபாடி இல்லை, ஆன்டிபாடி வந்த நாளில் வைரஸ் இல்லை. நோயாளி ஏற்கெனவே ஆன்டிபாடியோடு இருந்து, தொற்று தற்செயலாகக் கூடச் சேர்ந்தது என்று சொல்ல இனி வழியில்லை.

ஒருவரிடம் மட்டும் கண்டது என்றால் இத்தனை அழுத்திச் சொல்ல மாட்டேன். ஸ்பெயினில் தாய்ஸ் அர்மாங்கே, டால்மாவ் குழுவினர் 51 ஹெர்பிஸ் மூளை அழற்சி நோயாளிகளைத் தொடக்கம் முதலே பின்தொடர்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் தொடங்கியபோது ஒருவரிடமும் நரம்பணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. பின்னர் 14 பேருக்குத் தன்னுடல் தாக்கு மூளை அழற்சி வந்தது, நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். அந்த 14 பேரிடமும் அறிகுறி தோன்றும்போதோ அதற்கு முன்போ ஆன்டிபாடி இருந்தது. 9 பேரிடம் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிராக, 5 பேரிடம் வேறு இலக்குகளுக்கு எதிராக.

சிகிச்சையும் மிச்சமும்

மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 1 கிராம் வீதம் ஐந்து நாள், கூடவே பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளான இம்யூனோகுளோபுலின். ஸ்டீராய்டு கொடுத்தால் ஹெர்பிஸ் மறுபடி கிளம்பாதா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, அதனால் அந்த நாட்களில் அசைக்ளோவிரை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் எதிர்பார்த்த முன்னேற்றம் வராததால் ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் கொடுத்தார்கள்.

தூக்கம் முதலில் திரும்பியது. ஐந்தாவது வாரம் கணவரைக் கணவர் என்று ஒப்புக்கொண்டார். மூன்று மாதத்தில் பயமும் சந்தேகமும் போய்விட்டன, பேச்சின் ஓட்டமும் சீரானது. ஆனால் பொருள்களின் பெயர்கள் முழுதாக வரவில்லை. ஒரு வருடம் கழித்தும் 'திருகாணி'யை அவர் கையால் திருகிக் காட்டித்தான் கேட்கிறார்.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். வைரஸ் நரம்பணுக்களைக் கொன்றது. இடது டெம்போரல் மடலில் போன திசு போனதுதான். ஆன்டிபாடி எதையும் கொல்லவில்லை. அணுவின் மேற்பரப்பில் இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளை இரண்டிரண்டாகப் பிணைக்கிறது, அணு அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸில் ஏற்பிகள் குறைகின்றன. ஆன்டிபாடி விலகினால் ஏற்பிகள் மறுபடி மேலே வரும். வீடு இடிவதற்கும் மின்சாரம் போவதற்கும் உள்ள வித்தியாசம். குடும்பத்தாரிடம் எது திரும்பும், எது திரும்பாது என்று பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 'மூளைக்காய்ச்சலின் விளைவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், திரும்பக்கூடியதையும் திரும்பாதது என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

குழந்தைகள் விஷயம் கடுமையானது. அர்மாங்கே குழுவினர் தாங்கள் பின்தொடர்ந்தவர்களில் இரண்டாம் நோய் வந்தவர்களோடு, நோய் வந்த பின் தங்களிடம் அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து 58 பேரை ஆராய்ந்ததில், நான்கு வயது வரையிலான 27 குழந்தைகளுக்கும் கைகால் நெளியும் அசைவுகள் இருந்தன. அதைவிடப் பெரியவர்கள் 31 பேரில் ஒருவருக்கும் இல்லை. அவர்களிடம் நடத்தை மாற்றமும் மனக்கோளாறுமே முன்னால் நின்றன. குழந்தைகளுக்கு இரண்டாம் நோய் சீக்கிரம் வந்தது, இடைநிலை (மீடியன்) இடைவெளி 26 நாள். மற்றவர்களுக்கு 43 நாள். குழந்தைகளே மோசமாகவும் பாதிக்கப்பட்டார்கள்.

எப்படித் தூண்டியது?

வைரஸ் தன்னுடல் தாக்குதலைத் தூண்டும் வழிகளில் எல்லோருக்கும் தெரிந்தது மூலக்கூறு ஒப்புமை. வைரஸின் புரதத்தில் ஒரு துண்டு நம் புரதத்தின் ஒரு துண்டைப் போலவே இருக்கும். வைரஸை அடிக்கக் கிளம்பிய படை நம்மையும் அடிக்கும். 1985-இல் ஃபுஜினாமியும் ஓல்ட்ஸ்டோனும் இதைச் செய்து காட்டினார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸின் பாலிமரேஸ் என்ற புரதத்தில், நரம்புகளின் உறையான மயலினின் புரதத்தில் இருப்பதைப் போன்றே ஆறு அமினோ அமிலங்களின் வரிசை ஒன்று உண்டு. அந்தத் துண்டை மட்டும் முயல்களுக்குச் செலுத்தினார்கள். சில முயல்களின் மூளையில் அழற்சி வந்தது, வைரஸே இல்லாமல்.

அழகான சோதனை. ஆனால் அதன் அழகாலேயே, எந்த வைரஸ், எந்தத் தன்னுடல் தாக்கு நோய் என்றாலும் ஒப்புமை என்று சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டது. புரத வரிசைகளைக் கணினியில் ஒப்பிட்டால் ஆறு எழுத்து பொருந்தும் இடங்கள் ஏராளமாகக் கிடைக்கும். பொருத்தம் கிடைப்பது பெரிதல்ல, நோயாளியின் உடலில் அந்தப் பொருத்தம் வேலை செய்ததா என்பதே கேள்வி.

ஹெர்பிஸுக்குப் பின் வரும் இந்த நோயில் ஒப்புமையைவிட இன்னொரு விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வைரஸ் நரம்பணுக்களை உடைக்கிறது. சாதாரணமாக எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத புரதங்கள், கடும் அழற்சியின் நடுவே, வெளியே கொட்டுகின்றன. அவை கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே பி செல்கள் அவற்றை அந்நியப் பொருளாகப் படித்துக்கொள்கின்றன. அப்படி நினைக்கக் காரணம், ஆன்டிபாடிகள் ஒரே இலக்கை மட்டும் குறிவைக்கவில்லை என்பதே. ஒப்புமை மட்டும் என்றால் எல்லோரிடமும் ஒரே ஏற்பிதான் அடிபட வேண்டும். இங்கே 14 பேரில் 5 பேருக்கு இலக்கு வேறு. டெரடோமா கட்டியும் இதற்கு ஒத்துப்போகிறது. அங்கே வைரஸே இல்லை, வெளிப்பட்ட நரம்புத் திசு மட்டும்தான்.

இதை வைத்து மற்ற நோய்களைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

கொஞ்சம்தான். ஹெர்பிஸிலிருந்து ஆன்டிபாடிக்கு இடைவெளி வாரக் கணக்கு. மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை எதிர்ப்பு மண்டலம் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸில் ஆண்டுக் கணக்கு. அங்கே சந்தேகத்துக்குரியது எப்ஸ்டீன்-பார் வைரஸ். உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுமக்கும் வைரஸ் அது. எல்லோரிடமும் இருப்பதை எப்படிக் காரணம் என்று நிரூபிப்பது?

அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிபவர்களிடம் முறையாக எடுத்துச் சேமித்த ரத்த மாதிரிகள் வழி திறந்தன. ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்ட அந்தத் தொகுப்பிலிருந்து, பணிக்காலத்தில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வந்தவர்களில் 801 பேரின் மாதிரிகளை ஹார்வர்டு குழு ஆராய்ந்து 2022 ஜனவரியில் வெளியிட்டது. முதல் மாதிரியில் எப்ஸ்டீன்-பார் தொற்று இல்லாதவர்கள் 35 பேர் மட்டுமே. அவர்களில் 34 பேருக்கு நோய் தொடங்குவதற்கு முன் தொற்று வந்திருந்தது. தொற்று வந்தவர்களுக்கு நோய் அபாயம் 32 மடங்கு. இதேபோல் எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸால் அபாயம் கூடவில்லை. நரம்பு சேதமடைவதைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதமும் தொற்றுக்குப் பிறகே உயர்ந்தது. நம் நோயாளியின் உறைந்த தண்டுவட நீர் சொன்னதைத்தான் இந்த உறைந்த ரத்தமும் சொல்கிறது, வேறொரு அளவில்: முதலில் வைரஸ், பிறகு நோய்.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு குழு ஒப்புமைக்கும் சான்று கொண்டுவந்தது. எப்ஸ்டீன்-பாரின் இபிஎன்ஏ1 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, மூளையில் இருக்கும் கிளியல்கேம் என்ற புரதத்தையும் பிடிக்கிறது. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இதைக் கண்டார்கள். மீதி மூவருக்கு என்ன நடந்தது? பதில் வேறெங்கோ இருக்கிறது. ஒரே நோய்க்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கலாம்.

ஹெபடைடிஸ் சி நேர் எதிர் உதாரணம். அந்த வைரஸ் நீண்ட நாள் உடலில் இருக்கும்போது சிலருக்குக் குளிரில் திரளும் ஆன்டிபாடிகளான கிரையோகுளோபுலின்கள் உருவாகி, ரத்தக் குழாய்களில் படிந்து, தோலில் ஊதாப் புள்ளிகளும் சிறுநீரகக் கோளாறும் வரும். வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளால் வைரஸை ஒழித்தால் பெரும்பாலோருக்கு நோயும் அடங்கிவிடும். அங்கே நெருப்பை மூட்டியதும் எரிய வைப்பதும் வைரஸ்தான். ஹெர்பிஸுக்குப் பின்னால் வரும் நோயில் மூட்டியது மட்டுமே அதன் வேலை. இந்த வேறுபாடு தெரியாமல் 'வைரஸ்தான் காரணம்' என்று சொன்னால் சிகிச்சையே திசை மாறிவிடும். ஒருவருக்கு வைரஸ் மருந்து, இன்னொருவருக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து.

வைரஸ் எப்போதும் வில்லனும் அல்ல. தாமாகவே நீரிழிவு வரும்படி வளர்க்கப்பட்ட எலி வகை ஒன்றுக்கு எல்சிஎம்வி என்ற வைரஸைத் தொற்ற வைத்தால் நீரிழிவு வராமல் போனது 1980களிலேயே தெரிந்தது. செய்ததும் அதே ஓல்ட்ஸ்டோன் குழுதான். வைரஸ்களை நீரிழிவோடு இணைக்கும் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

முன்னே சொன்ன இடைவெளிக்கு வருவோம். மூன்றில் இரண்டு பேரிடம் உள்ள வைரஸ் ஏன் பத்து லட்சத்தில் மூன்று பேரின் மூளைக்குள் போகிறது? ஒரு பகுதிக்கு விடை மரபணுவில் இருக்கிறது. வைரஸ் நுழைந்ததை உணரும் டிஎல்ஆர்3 என்ற உணரியின் பாதையில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் மூளை இந்த வைரஸைத் தடுக்க முடிவதில்லை என்று 2006, 2007-இல் வந்த ஆய்வுகள் காட்டின. நடந்ததை விளக்க வைரஸ் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொண்ட உடலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் தீராத ஒன்று

அசைக்ளோவிர் முடியும்போது எல்லோருக்கும் ஆன்டிபாடி சோதனை செய்துவிட்டால் என்ன? மூன்று வாரத்துக்குள் ஆன்டிபாடி தோன்றியவர்களுக்கே இரண்டாம் நோய் அதிகம் வந்தது என்று அர்மாங்கே குழுவின் எண்கள் சொல்கின்றன. ஆனால் இரண்டாம் நோய் வராத 37 பேரிலும் 11 பேரிடம் ஆன்டிபாடி தோன்றியிருந்தது. அவர்களுக்கும் ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாபும் கொடுத்திருந்தால், தேவையே இல்லாமல், இப்போதுதான் ஹெர்பிஸிலிருந்து மீண்ட உடலின் எதிர்ப்பைக் குறைத்திருப்போம். எனவே ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது முதல் மூன்று மாதம் எதைக் கவனிக்க வேண்டும் என்று குடும்பத்துக்கு எழுதிக் கொடுப்பது, தூக்கமோ நடத்தையோ மாறினால் மனநலப் பிரிவுக்கு முன் நரம்பியல் பிரிவுக்கு வரச் சொல்வது, வந்தால் தண்டுவட நீரைப் பிசிஆருக்கும் ஆன்டிபாடிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது, இவை போதும். ஆன்டிபாடி ரிப்போர்ட் வர நாளாகும். நோயாளி சரிந்துகொண்டே போனால், பிசிஆர் நெகட்டிவ் என்று தெரிந்ததும் அதற்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.